ஒன்பதாவது முதல் வெள்ளி

துவாஸ் கப்பல் பட்டறையில் ஒரு மனிதன் தொட்டிக்குள் இறங்கலாமா கூடாதா என்பதை, முப்பது கிலோமீட்டர் தள்ளி, ரோச்சோர் கால்வாய் ஓரத்துக் கட்டடம் ஒன்றின் ஐந்தாம் மாடியில், குளிருக்கு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த இரண்டு பேர் தீர்மானித்தார்கள். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்கிறது என்பார்கள். அந்தக் கம்ப்யூட்டருக்குள் எந்தப் புரோகிராம் ஓடலாம், எது சும்மா கிடக்கலாம் என்பது இவர்கள் கையில் இருந்தது. சுற்றி வளைத்துப் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான்.

ஒருவன் ஆம்ப்ரோஸ், வயது முப்பத்து நான்கு, அந்தப் புரோகிராம்களைப் பார்த்துக்கொள்கிறவன். இன்னொருவர் அப்துல் கஃபார், ஆபரேட்டர், அவனைவிடப் பத்து வயது மூத்தவர். இது 1984-இல் நடந்தது. கம்ப்யூட்டர் என்றால் அப்போது ஓர் அறை முழுக்க இருக்கும். அதற்குத்தான் அந்தக் குளிர், மனிதர்களுக்கு இல்லை.

ஏற்பாடு இதுதான். பட்டறையில் திரையும் கீபோர்டுமாக ஆறு டெர்மினல்கள். ஃபோர்மன் அதில் உட்கார்ந்து, இன்ன கப்பலில் இன்ன தொட்டிக்குள் ஆள் இறக்க வேண்டும் என்று அடிப்பார். அது டெலிபோன் லைன் வழியாக இங்கே வரும். இங்கே ஒரு பட்டியல் இருக்கிறது. புரோகிராம்களின் பெயர்கள் வரிசையாக உள்ள பட்டியல். வந்த கோரிக்கையை முதலில் இருக்கும் புரோகிராம் பார்க்கும். முடியாது என்று அது சொன்னால் கோரிக்கை அங்கேயே நின்றுவிடும். ஆட்சேபம் இல்லையென்றால் அடுத்ததிடம் தள்ளிவிடும். இப்படியே போய்க் கடைசியில் நிற்பது நம்பர் கொடுக்கும் புரோகிராம். அதற்கு யோசிக்கத் தெரியாது. தன்னிடம் வந்து சேர்ந்தது எதுவானாலும் ஒரு பெர்மிட் நம்பரைக் கொடுத்து அனுப்பிவிடும். முன்னால் நிற்பவர்கள் சல்லடை போட்டுத்தான் அனுப்பியிருப்பார்கள் என்று அதற்கு அப்படி ஒரு நம்பிக்கை.

முதலில் நின்றது கேஸ் புரோகிராம். தொட்டிக்குள் விஷவாயு இல்லை என்று அன்று காலை பரிசோதித்தவர் எழுதியிருக்கிறாரா என்று பார்ப்பது அதன் வேலை. பரிசோதகர் மருதப்பன் முன்பெல்லாம் தொட்டியின் வாயில் சாக்பீஸால் குறி போடுவார். குறி இருந்தால் இறங்கு, இல்லையென்றால் திரும்பிப் போ. கம்ப்யூட்டர் வந்த பிறகு மேலிடம் சாக்பீஸை நிறுத்திவிட்டது. நம்பர் வந்தால் இறங்கலாம் என்றார்கள். ஆட்களும் இறங்கினார்கள்.

பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுக்க ஒரு வரி அடித்தால் போதும். திரும்பப் போட இன்னொரு வரி. எது இருக்கிறது, எது இல்லை என்று பார்க்கவும் ஒரே வரி. அடித்ததெல்லாம் நேரத்தோடு கான்சோல் மெஷினில், மடிப்பு மடிப்பாக விழும் நீளத் தாளில் பதிவாகும். இது போதாதென்று இருவரும் சிவப்பு அட்டை நோட்டு ஒன்றும் வைத்திருந்தார்கள். எதை எடுத்தேன், ஏன் எடுத்தேன், யார் திரும்பப் போட வேண்டும் என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அது கஃபாரின் யோசனை. மனிதர் அவ்வளவு ஒழுங்கு.

வெள்ளிக்கிழமைகளில் கஃபார் பன்னிரண்டு நாற்பதுக்கு எழுந்து டன்லப் ஸ்திரீட் பள்ளிவாசலுக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் போவார். ஆம்ப்ரோஸ் இருந்து பார்த்துக்கொள்வான். மூன்றாவது ஆள் வேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்டும் நிர்வாகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதனால் ஒருவர் போக வேண்டுமென்றால் மற்றவர் இருக்க வேண்டும்.

அந்த வருடம் மார்ச்சிலிருந்து ஒரு சின்னச் சிக்கல் வந்தது. ஆம்ப்ரோஸ் ஒரு நேர்த்திக்கடன் எடுத்திருந்தான். மாதத்தின் முதல் வெள்ளி, தொடர்ந்து ஒன்பது மாதம், திருஇருதயப் பூசை கண்டு நன்மை, அதாவது நற்கருணை, வாங்குவது. நடுவில் ஒரு மாதம் தவறினால் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். எல்லாம் மனைவி உர்சுலாவின் தம்பி அந்தோனிக்காக. தாய் இறந்தபோது அந்தோனிக்கு ஆறு வயது. உர்சுலாதான் குளிப்பாட்டி, ஊட்டி, பள்ளிக்கு அனுப்பி வளர்த்தாள். ராணுவத்தில் தேசிய சேவை முடித்துவிட்டு வேலை இல்லாமல் திரிந்தவனுக்கு ஒரு வேலை கிடைத்தால் ஒன்பது வெள்ளி வருகிறேன் என்று ஆம்ப்ரோஸ் வேண்டிக்கொண்டான். கிடைத்தது. ஆம்ப்ரோஸே ஒரு வார்த்தை சொல்லி, துவாஸ் பட்டறையில் தொட்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை வாங்கிக்கொடுத்தான்.

ஓஃபிர் ரோட்டு லூர்து மாதா கோவிலுக்கு ஆபீசிலிருந்து ஐந்து நிமிட நடை. மதியம் பன்னிரண்டு மணிப் பூசை அரை மணியில் முடியும். பன்னிரண்டு நாற்பதுக்குள் அவன் திரும்பிவிடுவான்; கஃபார் கிளம்புவார். படியில் எதிரும் புதிருமாகச் சந்திப்பார்கள். எட்டு மாதம் ஒரு பிசகும் இல்லாமல் நடந்தது. யேசுவும் அல்லாவும் நமக்காக டைம்டேபிள் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று கஃபார் சிரிப்பார்.

ஒன்பதாவது வெள்ளி நவம்பர் இரண்டாம் தேதி வந்தது. அன்று சகல ஆத்துமாக்கள் திருநாள், இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் நாள்.

காலை பதினொரு மணிக்குத் துவாஸில் ஆறு டெர்மினலும் உறைந்து நின்றன. மருதப்பன் ஒரு தொட்டியின் விவரத்தைப் பாதி அடித்துவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்து போய்விட்டார். அவர் முடிக்கட்டும் என்று கேஸ் புரோகிராம் காத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் பட்டறையே காத்துக்கொண்டிருந்தது. பட்டறை மேனேஜர் போனில் கத்தினார். மணிக்கு இத்தனை டாலர் வாடகையில் கப்பல் நிற்கிறதாம். அந்த எழவைத் தூக்கி எறியச் சொன்னார். ஆம்ப்ரோஸ் கேஸ் புரோகிராமைப் பட்டியலிலிருந்து எடுத்தான். அடுத்த நிமிடமே கோரிக்கைகளெல்லாம் பறந்தன.

நோட்டில் ஒழுங்காக எழுதினான்: கேஸ் புரோகிராம் 11.05-க்கு எடுக்கப்பட்டது, மேனேஜர் உத்தரவு. மருதப்பன் தன் விவரத்தை முடித்துவிட்டுப் போன் செய்வார். செய்ததும் கஃபார் திரும்பப் போட வேண்டும். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

கிளம்பும்போது கஃபார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “இன்னைக்குக் கூட்டமா இருக்கும்லா. லேட் ஆவுமா தம்பி?”

“இல்ல பாய். நாப்பதுக்கு இங்க இருப்பேன். நீங்க எனக்காகக் காத்திருக்காதீங்க, கரெக்டா கிளம்பிடுங்க.”

கோவிலில் அன்று இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார்கள். பங்கு மக்கள் எழுதிக்கொடுத்த பெயர்களைச் சாமியார் ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, அந்தந்தக் குடும்பம் மெழுகுவர்த்தி ஏற்றும். உர்சுலாவின் தாய் தகப்பன் பெயரை ஆம்ப்ரோஸும் கொடுத்திருந்தான். பன்னிரண்டரை ஆயிற்று, நாற்பது ஆயிற்று. அவர்கள் பெயர் வரவில்லை. எழுந்து போயிருக்கலாம். நன்மை வாங்கியாயிற்று, நேர்த்தி முடிந்துவிட்டது. ஆனால் பெயர் வாசிக்கும்போது மெழுகுவர்த்தி ஏற்ற ஆள் இல்லையென்றால் உர்சுலாவிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? உட்கார்ந்திருந்தான். பெயர் வந்தபோது மணி ஒன்று.

அறைக்குள் அவன் நுழைந்தபோது ஒன்று பத்து. யாரும் இல்லை. ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கான்சோலுக்கு முன்னால் உட்கார்ந்தான். நோட்டைப் பார்த்தான். திரும்பப் போட்டதாக எதுவும் எழுதவில்லை. உடனே, நல்ல வேலைக்காரன் செய்கிறபடி, பட்டியலைக் காட்டச் சொல்லி ஒரு வரி அடித்தான். மெஷின் தடதடவென்று அச்சடித்தது. மணி 13.12. கேஸ் புரோகிராம், ஓடவில்லை.

இதை அவன் பார்த்தான். கண்ணால் பார்த்தான், வாய்விட்டுப் படித்தான். பிறகு யாரிடம் எதைச் சொன்னாலும் தனக்குத் தானே பொய் சொல்லிக்கொள்ள முடியாதபடி, அவ்வளவு தெளிவாகப் பார்த்தான்.

மருதப்பன் இன்னும் முடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தான். முடிக்காமல் இதைப் போட்டால் மறுபடி ஆறும் உறையும், மேனேஜர் மறுபடி கத்துவார். போன் செய்து கேட்கலாம் என்று கை போனது. அதற்குள் போனே அடித்தது. மேனேஜர்தான், ஆனால் இப்போது வேறு குரல். லைன் இவ்வளவு வேகமாக அவர் பார்த்ததே இல்லையாம், சபாஷ் என்றார். ஆம்ப்ரோஸைப் பார்த்து அந்த நிர்வாகத்தில் இதுவரை யாரும் சபாஷ் என்றதில்லை. அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கஃபார் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், இன்னும் முக்கால் மணி நேரம்தானே என்று விட்டுவிட்டான். உர்சுலா கட்டிக்கொடுத்த சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டான்.

மருதப்பன் முடித்துவிட்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. நான்காம் தொட்டி, வாயு இருக்கிறது, ஆள் இறங்கக் கூடாது என்று தெளிவாக அடித்து முடித்துவிட்டு, பன்னிரண்டு நாற்பத்திரண்டுக்குப் போனும் செய்திருக்கிறார். எடுக்க ஆள் இல்லை. அவரும் வேறு கப்பலுக்குப் போய்விட்டார்.

ஒன்று இருபத்தொன்றுக்கு நான்காம் தொட்டிக்கு ஒரு கோரிக்கை வந்தது. தடுக்க வேண்டியது பட்டியலில் இல்லை. கடைசியில் நின்றது தன் வழக்கப்படி ஒரு நம்பர் கொடுத்தது.

ஒன்று ஐம்பதுக்குப் போன். நான்காம் தொட்டியில் விபத்து, ஓர் ஆள் விழுந்துவிட்டான், தூக்கிவிட்டார்கள், மூச்சில்லை. பெயர் சொல்லவில்லை. ஆம்ப்ரோஸின் கைகள் தாமாகவே வேலை செய்தன. கேஸ் புரோகிராமைத் திரும்பப் போட்டான். பிறகு கான்சோல் தாளை மேலே இழுத்து, 13.12 என்ற வரி இருந்த பக்கத்தை மடிப்போடு கிழித்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். மெஷினில் தாள் சிக்கியது போல மேலும் கீழும் கொஞ்சம் கசக்கிவிட்டான். எவனோ ஒருவன் செத்துப்போனான், நான் ஏன் சாக வேண்டும் என்றுதான் அப்போது நினைத்தான். அதை நினைத்துத்தான் பிறகு அவனால் படுக்க முடியவில்லை.

இரண்டு மணி ஐந்துக்குக் கஃபார் தொப்பியை மடித்துப் பையில் வைத்தபடி வந்தார். ஆம்ப்ரோஸ் அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். “பாய், கேஸ் புரோகிராமை நீங்க போடலையா?”

பொய் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் அந்த ஒரு கேள்வியில் எல்லாம் கைமாறிவிட்டது.

“போன் அடிச்சுச்சு தம்பி. நான் மூணாம் மாடிப் படியில இருந்தேன், காதுல விழுந்துச்சு. திரும்பி ஏறலாமான்னு நெனச்சேன். நீங்கதான் நாப்பதுக்கு வந்துருப்பீங்களே, லிஃப்ட்ல ஏறியிருப்பீங்க, எடுப்பீங்கன்னு...”

இரண்டரைக்கு மறுபடி போன் வந்து பெயரைச் சொன்னார்கள். அந்தோனி.

அடக்கத்துக்குப் பிறகு பட்டறையில் விசாரணை வைத்தார்கள். மூன்று பேர் கொண்ட குழு. மேனேஜர் எடுக்கச் சொன்னார். திரும்பப் போடாதே என்று அவர் சொல்லவில்லையே, அதனால் அவர் மேல் குற்றமில்லை. மருதப்பன் போன் செய்தார், அவர் மேலும் இல்லை. சாக்பீஸை நிறுத்தியவர்கள் யார் என்று யாருமே கேட்கவில்லை. சிவப்பு நோட்டு மேசை மேல் இருந்தது. கஃபார் போட வேண்டும் என்று அதில் எழுதி, கஃபாரே கையெழுத்துப் போட்டிருந்தார். கான்சோல் தாள் நடுவில் சிக்கிக் கிழிந்துவிட்டது என்று ஆம்ப்ரோஸ் சொன்னதை, மச்சினனைப் பறிகொடுத்தவன் என்ற இரக்கத்தில் யாரும் துருவவில்லை. துக்கத்துக்குக் கறுப்புப் பட்டையைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான் அவன்.

நீங்கள் கிளம்பியபோது ஆம்ப்ரோஸ் எங்கே இருந்தார் என்று கஃபாரிடம் கேட்டார்கள். அந்த இடத்தில் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்: நாற்பதுக்கு வருவதாகச் சொன்னார், வரவில்லை. கஃபார் ஆம்ப்ரோஸைப் பார்த்தார். அவர் வந்துகொண்டிருந்தார், நான்தான் அவசரப்பட்டுவிட்டேன் என்றார். அந்த மாதமே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

வீட்டில் உர்சுலா அழுகையை நிறுத்திவிட்டிருந்தாள். அழுதாலாவது தேவலை என்றிருந்தது ஆம்ப்ரோஸுக்கு. அந்தோனியின் வேலைச் சட்டையைத் துவைக்காமல் நாற்காலி முதுகில் போட்டு வைத்திருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் திடீரென்று, அந்தக் கஃபாருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்பாள். மூன்று என்பான். சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவாள். சாபம் கொடுக்க வாய் வராமல்தான் எழுந்து போகிறாள் என்று அவனுக்குத் தெரியும். அந்தச் சாபம் யாருக்குரியது என்பதும் தெரியும்.

ஒருநாள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ச் சாமியாரிடம் முழங்காலிட்டான். கோபப்பட்டேன், பூசைக்குத் தாமதமாக வந்தேன் என்று சில்லறையாக எதையோ சொல்லிவிட்டு வந்தான். மற்றதைச் சொல்லவில்லை.

ஆனாலும் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். உர்சுலாவிடம் சொல்லிவிடுவது. வேலை போகட்டும், ஜெயில் என்றால் ஜெயில். அவள் அடிக்கட்டும், விட்டுவிட்டுப் போகட்டும். என்றாவது ஒருநாள், பத்து வருடம் கழித்தாவது, போ, மன்னித்துவிட்டேன் என்று அவள் வாயால் கேட்டுவிட்டால் போதும். மனிதனாக மிச்சமிருக்க அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. அது அவள் ஒருத்தியால்தான் முடியும்.

முப்பதாம் நாள் பூசை டிசம்பர் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து மார்சிலிங்கில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் காப்பி குடித்துவிட்டுப் போன பிறகு, ஆம்ப்ரோஸ் அலமாரியில் ஜெபப் புத்தகத்துக்கு அடியில் வைத்திருந்த தாளை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். உர்சுலா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடிக்கட்டும் என்று ஹாலில் காத்திருந்தான். அப்போதுதான் கதவைத் தட்டினார்கள்.

கஃபாரும் அவர் மனைவி ருக்கையாவும். மனிதர் ஒரே மாதத்தில் பாதியாகியிருந்தார். கிராஞ்சியில் ஒரு செடிப் பண்ணையில் லாரி ஓட்டுகிறாராம். நகங்களில் மண் போகவில்லை. ருக்கையா உள்ளே வராமல் கதவுக்கு வெளியிலேயே நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு தடவை கீழ்மாடி வரை வந்துவிட்டு, ஏற மனமில்லாமல் திரும்பிப் போனோம் என்று மட்டும் சொன்னாள்.

உர்சுலா ஈரக் கையோடு வந்து நின்றாள். கஃபார் அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“தங்கச்சி, போன் சத்தம் எனக்குக் கேட்டுச்சு. ரெண்டு மாடி திரும்பி ஏறியிருந்தா உங்க தம்பி இருந்திருப்பான். நான் ஏறல. தொழுகைக்கு லேட் ஆயிடும்னு போயிட்டேன். அதுக்கப்புறம் எந்தத் தொழுகையும் எனக்குத் தொழுகையா இல்ல. மன்னிக்கச் சொல்லிக் கேக்க எனக்கு வாயில்ல. என்ன சொல்லணுமோ சொல்லிடுங்க, கேட்டுட்டுப் போயிடறோம்.”

சொல்லிவிடு என்று ஆம்ப்ரோஸின் உடம்பு முழுக்கக் கத்தியது. இப்போதே, இந்த மனிதன் தரையில் உட்கார்ந்திருக்கும்போதே, தாளை எடுத்து அவள் கையில் கொடு. வாயைத் திறந்தான். கை சட்டைப்பையைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிட்டது.

உர்சுலா நாற்காலியில் கிடந்த சட்டையைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கஃபாரிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். பாதி அவர் சட்டையில் சிந்தியது.

“குடிங்கண்ணே,” என்றாள். “உங்கள ஒரு மாசமா மனசுல கொன்னுக்கிட்டே இருந்தேன். அந்தோனி திரும்பி வரல. நீங்க ஒண்ணும் வேணும்னு செய்யல. மறைக்காம வந்து சொன்னீங்க. அது போதும். போங்க, நான் மன்னிச்சிட்டேன்.”

ருக்கையா வெளியே சத்தமாக அழத் தொடங்கினாள். பல நாளுக்குப் பிறகு உர்சுலாவின் கண்ணிலும் தண்ணீர் வந்தது. அவள் முகம் இளகியது. அந்த முகத்தைக் காணத்தான் ஆம்ப்ரோஸ் பத்து வருடம்கூடக் காத்திருக்கத் தயாராக இருந்தான். இதோ, கண்ணெதிரே, வேறொருவருக்குக் கிடைத்துவிட்டது.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். “என்னங்க, நீங்களும் சொல்லுங்க. உங்ககூட ஆறு வருஷம் வேலை செஞ்சவரு. உங்க வாயால சொன்னாத்தான் அவருக்கு மனசு ஆறும்.”

கஃபார் தரையிலிருந்து அவனை நிமிர்ந்து பார்த்தார். விசாரணையில் பார்த்த அதே பார்வை. அதில் குற்றச்சாட்டு ஒரு துளிகூட இல்லை. நாற்பதுக்கு வரவில்லை என்பதை அவர் மறந்திருக்கவில்லை. மன்னித்து எத்தனையோ நாளாகியிருந்தது. 13.12 என்ற அந்த வரி மட்டும் அவருக்குத் தெரியாது.

“மன்னிச்சிட்டேன் பாய்,” என்றான் ஆம்ப்ரோஸ்.

கஃபார் எழுந்து அவனைக் கட்டிக்கொண்டார். சட்டைப்பையில் தாள் நசுங்கியது. அந்தச் சத்தம் அவனுக்கு மட்டும் கேட்டது.

அவர்கள் போன பிறகு உர்சுலா கதவைச் சாத்தினாள். அந்தோனியின் சட்டையை எடுத்து முகத்தில் ஒருமுறை வைத்துவிட்டு, துவைக்கிற வாளியில் போட்டாள். தண்ணீரைத் திறந்துவிட்டாள். ஆம்ப்ரோஸ் சமையலறை வாசலில் வந்து நின்றான். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் திரும்பாமலேயே சொன்னாள்.

“வேணாங்க. இன்னையோட முடிஞ்சிடுச்சு. இனிமே இந்த வீட்டுல இதப்பத்தி யாரும் பேசக் கூடாது. நீங்களும் பேசாதீங்க. இன்னொரு தடவ மன்னிக்கிறதுக்கு எங்கிட்டத் தெம்பு இல்ல.”

“சரி,” என்றான் அவன்.